அறுபத்தைந்து டாலர் வண்டி
(ஹென்றி ஃபோர்டின் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பழைய பொருளை விற்கப் போனால் எடைக்குத்தான் எடுப்பார்கள் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த பாடம். ஞாயிறுதோறும் நம் ஊர் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தையிலும் நேற்று வாங்கிய பொருளுக்கு இன்று பாதி விலைதான். ஆனால் உலகில் வேறொரு சந்தையும் உண்டு. அங்கே பொருளின் வயது ஏற ஏற விலையும் ஏறும்.

2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி என்னும் ஊரில் ஒரு கார் ஏலத்துக்கு வந்தது. 1903ஆம் ஆண்டு செய்யப்பட்ட கார் அது. ஃபோர்டு கம்பெனி விற்ற கார்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது என்று கருதப்படுவது. புதிதாக விற்றபோது அதன் விலை 850 டாலர். ஏலத்தில் அது 2,64,000 டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் அந்தக் கம்பெனியின் தலைவர் பில் ஃபோர்டு; அதைச் செய்து விற்ற ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன்.

கொள்ளுத்தாத்தாவும் ஒருமுறை தாம் விற்ற பழைய வண்டியைத் தாமே திரும்ப வாங்கியவர்தான். அவர் கொடுத்த விலை 65 டாலர். அந்த 65 டாலருக்கும் இந்த 2,64,000 டாலருக்கும் நடுவே நிற்கும் மனிதரின் வாழ்க்கையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

பழங்காலக் கார்கள் சில சமயம் சென்னையிலிருந்து அணிவகுத்து நம் கடற்கரைச் சாலைக்கு வருவதுண்டு. அவற்றைப் பார்த்துக் கைதட்டிய நண்பர்கள் பலர் இருப்பீர்கள். சேகரிப்போர் இவ்வகைக் கார்களுக்குள்ளும் தரம் பிரிப்பார்கள். 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட கார்கள் மட்டுமே, ஆண்டுதோறும் நவம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை நடக்கும் புகழ்பெற்ற ஓட்டத்தில் கலந்துகொள்ளலாம். இவற்றுக்கு ‘வெட்டரன்’ என்று பெயர். போர்க்களம் கண்ட மூத்த வீரனுக்குச் சொல்லும் அதே சொல். நாம் பார்க்கப்போகும் வண்டிகளில் சிலவும் அந்த வரிசையைச் சேர்ந்தவையே.

பண்ணைச் சிறுவன்

1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் ஹென்றி ஃபோர்டு பிறந்தார். ஜூலை 30 என்ற இந்த நாளை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு அது வேறொரு காரணத்தால் மறக்க முடியாத நாள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தந்தை வில்லியம், அயர்லாந்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர். மகனும் தம்மைப் போல் ஏர் பிடிக்க வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ மண்ணில் மனம் ஒட்டவில்லை. கையில் கிடைத்த கடிகாரத்தையெல்லாம் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டுவதே அவன் பொழுதுபோக்கு. அக்கம்பக்கத்தாரின் கடிகாரங்களையும் பழுது பார்த்துக் கொடுத்தான்.

1876ஆம் ஆண்டு அவன் வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. தாய் மேரி இறந்தார். அதே ஆண்டு கோடையில், தந்தையுடன் வண்டியில் போகும்போது, குதிரை இல்லாமல் தன் ஆற்றலாலேயே சாலையில் நகர்ந்து வந்த ஒரு நீராவி எஞ்சினைக் கண்டான். வண்டியிலிருந்து குதித்து ஓடி, அதை ஓட்டியவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டான். அன்று அவன் மனத்தில் விழுந்த விதை பிறகு அழியவே இல்லை.

16 வயதில் பண்ணையை விட்டு டெட்ராய்ட் நகருக்குப் போய் இயந்திரப் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தான். கிராமத்துப் பள்ளிப் படிப்புக்கு மேல் அவனுக்குப் படிப்பு இல்லை. கைவிரல்களே அவனுடைய பாடப்புத்தகம். 1888ஆம் ஆண்டு கிளாரா பிரையண்ட் என்ற பெண்ணை மணந்தார். 1891இல் டெட்ராய்ட் நகருக்கு மின்சாரம் வழங்கிய எடிசன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, 1893இல் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

சமையலறையில் ஓடிய எஞ்சின்

1893ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. மகன் எட்சல் பிறந்து ஏழு வாரம்கூட முழுமையாக ஆகவில்லை. நாளைய விருந்துக்காகக் கிளாரா சமையலறையில் வேலையாக இருந்தார். கணவர் ஒரு சிறு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் அதைப் பொருத்தினார். பழைய குழாய்த் துண்டுதான் அதன் சிலிண்டர். தீப்பொறிக்கு வீட்டு மின்சாரம். எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக விடும் வேலை கிளாராவுக்கு. சக்கரத்தைச் சுழற்றினார் ஹென்றி. விளக்கு மங்கியது, தொட்டி அதிர்ந்தது, எஞ்சின் ஓடியது. வெடிக்கும் எரிபொருளைப் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் கை நடுங்காமல் ஊற்றிய அந்தப் பெண்மணியையும் இந்த வரலாற்றில் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதிலிருந்து இரண்டரை ஆண்டுகள், பகலில் மின் நிலைய வேலை, இரவில் வீட்டுக்குப் பின்னிருந்த கொட்டகையில் வண்டி வேலை. 1896ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் விடியற்காலையில் வண்டி தயாரானது. அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது: கொட்டகைக் கதவைவிட வண்டி அகலமாக இருந்தது! ஃபோர்டு கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்து வண்டியை வெளியே கொண்டுவந்தார்.

நான்கு சைக்கிள் சக்கரங்கள், இரண்டு சிலிண்டர், நான்கு குதிரைத்திறன், திருப்புவதற்குப் படகில் உள்ளது போன்ற ஒரு கைப்பிடி. முன்னே போகும், பின்னே வராது. ஒலியெழுப்ப வாசல் மணி. நான்கு சக்கரம் என்ற பொருளில் ‘குவாட்ரிசைக்கிள்’ என்று அதற்குப் பெயரிட்டார். அடுத்த வண்டி செய்யப் பணம் தேவைப்பட்டதால் இதை 200 டாலருக்கு விற்றுவிட்டார். அந்த வண்டியைத்தான் சில ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பிடித்து 65 டாலருக்குத் திரும்ப வாங்கினார்.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1899இல் பங்குதாரர்களுடன் தொடங்கிய முதல் கம்பெனி, ஒன்றரை ஆண்டுக்குள் கலைந்தது. 1901இல் தொடங்கிய இரண்டாவது கம்பெனியிலிருந்து கருத்து வேறுபாட்டால் அவரே சில மாதங்களில் வெளியேறினார். அது பிறகு காடிலாக் என்ற பெயரில் புகழ் பெற்றது. இடையில் 1901 அக்டோபரில் நடந்த பந்தயத்தில், நாடறிந்த ஓட்டுநர் வின்டனைத் தாமே செய்த காரில் தோற்கடித்தார். அந்தப் பெயரை முதலாக வைத்து 1903 ஜூன் 16ஆம் நாள் மூன்றாவது முறையாகத் தொடங்கியதுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி. ரொக்க முதல் 28,000 டாலர். ஒரு மாதத்துக்குள் கையிருப்பு 223 டாலராகக் கரைந்தது. நல்ல வேளையாக அந்த ஜூலையில் சிகாகோ நகரப் பல் மருத்துவர் ஒருவர் 850 டாலர் அனுப்பி முதல் காரை வாங்கினார். ஹெர்ஷி ஏலத்துக்கு வந்த காரும் அதே முதல் வரிசையில் பிறந்ததுதான்.

நகர்ந்து வரும் வேலை

அன்றைய கார் செல்வர்களின் விளையாட்டுப் பொருள். ஃபோர்டு வேறு விதமாக எண்ணினார். உழவனும் ஆசிரியரும் வாங்கும் விலையில், மண் சாலையில் போகக்கூடிய, வீட்டிலேயே பழுது பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரே வகைக் காரைச் செய்ய முனைந்தார். 1908 அக்டோபரில் வந்த ‘மாடல் டி’ அதுதான். 20 குதிரைத்திறன், எடை குறைந்த உறுதியான வனேடியம் எஃகு, பள்ளம் மேட்டில் தட்டாத உயரம். உழவர்கள் இதன் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பட்டை மாட்டி, மரம் அறுக்கவும் தண்ணீர் இறைக்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது அதன் மேக்னட்டோ. எஞ்சினின் சுழல்சக்கரத்திலேயே காந்தங்களை வரிசையாகப் பொருத்தி, எதிரே கம்பிச் சுருள்களை நிறுத்தியிருந்தார்கள். சக்கரம் சுழன்றால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதுவே தீப்பொறி தரும். ஃபாரடே விதியை நாம் கரும்பலகையில் படிக்கிறோம். அவர்கள் அதை ஊர் ஊராக ஓட விட்டார்கள்.

அந்த மேக்னட்டோவில்தான் 1913ஆம் ஆண்டு பெரிய மாற்றம் தொடங்கியது. அதுவரை ஒரே ஆள் ஒரு மேக்னட்டோவை முழுதாகப் பூட்ட ஏறத்தாழ 20 நிமிடம் ஆயிற்று. வேலையை 29 சிறு பகுதிகளாகப் பிரித்து, ஆள் நின்ற இடத்தில் நிற்க, பொருள் நகர்ந்து வரும்படி செய்தார்கள். நேரம் 13 நிமிடமாகியது. பிறகு 5 நிமிடமாகியது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் முழுக் காரின் அடிச்சட்டத்தையே கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டரை மணி நேர வேலை, சில மாதங்களில் 93 நிமிடத்தில் முடிந்தது. நேரம் குறைந்தது, விலையும் குறைந்தது. 1908இல் 850 டாலருக்கு வந்த மாடல் டியின் எளிய வகையை 1925இல் 260 டாலருக்கு வாங்க முடிந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. பணக்காரன் வீட்டு வாசலில் நின்ற பொருளைப் பாமரன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர் என்ற பெருமை அவருக்கு என்றும் உண்டு.

ஐந்து டாலர்

வண்டியின் விலை குறைந்தது. மனிதனின் விலை என்ன ஆயிற்று? என்னைப் பொறுத்தவரை இந்த வாழ்க்கையின் உயிர்க்கேள்வி இதுதான்.

நாள் முழுதும் ஒரே திருகாணியைத் திருகிக்கொண்டிருக்கும் வேலையை மனிதர்கள் வெறுத்தார்கள். வந்தார்கள், சில நாளில் ஓடினார்கள். 1913இல் ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்யும் ஆலையை நடத்த 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. இதற்கு மருந்தாக 1914 ஜனவரி 5ஆம் நாள் ஃபோர்டு ஓர் அறிவிப்புச் செய்தார்: வேலை நேரம் ஒன்பதிலிருந்து எட்டு மணி, நாள் வருமானம் ஐந்து டாலர். முன்பு கிடைத்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல்! கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானோர் ஆலை வாசலில் திரண்டார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள்.

ஐந்து டாலர் எல்லோருக்கும் உடனே கிடைக்கவில்லை. கம்பெனி அதற்கென ஒரு துறையையே வைத்தது. அதன் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்குப் போவார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று விசாரித்து எழுதிக்கொள்வார்கள். தகுதி உண்டென்று அவர்கள் சொன்னால்தான் முழுத் தொகை. கொடுப்பவர் கையில் எல்லாம் இருந்தது. பெறுபவர் கையில் ஒன்றுமில்லை. தொழிற்சங்கம் என்ற சொல்லையே ஃபோர்டு வெறுத்தார்.

1932 மார்ச் 7ஆம் நாள், பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தோர் அவருடைய ரூஜ் ஆலை நோக்கிப் பசி ஊர்வலம் வந்தார்கள். போலீசாரும் கம்பெனிக் காவலரும் சுட்டதில் நால்வர் அங்கேயே இறந்தனர். 1937 மே 26ஆம் நாள் அதே ஆலையின் நடைமேம்பாலத்தில், துண்டறிக்கை கொடுக்க வந்த சங்கத் தலைவர் வால்டர் ரூதரையும் அவருடன் வந்தவர்களையும் கம்பெனி ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பத்திரிகைப் படங்கள் அதை உலகுக்குக் காட்டின. 1941 ஏப்ரலில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே, ஜூன் மாதம் ஃபோர்டு கம்பெனி சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

நம் ஊர் ஜூலை 30

இப்போது நம் ஊருக்கு வருவோம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு, வ. சுப்பையா போன்றோர் தலைமையில் போராடினார்கள். 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் மாண்டனர். அதன் பிறகே 1937இல் எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் பிறந்தது. ஆண்டுதோறும் ஜூலை 30 இங்கே தியாகிகள் நாள்.

அன்று அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டுக்கு 73ஆவது பிறந்தநாள். தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அங்கே எட்டு மணி நேரத்தை ஒரு முதலாளி தம் கணக்குக்குச் சரிப்பட்டது என்று கொடுத்தார். இங்கே அதையே பன்னிரண்டு பேர் உயிரைக் கொடுத்து வாங்கினார்கள். கொடுத்ததை, கொடுத்தவர் நினைத்தால் குறைக்கலாம். வாங்கியதை அப்படிக் குறைக்க முடியாது. என் தாத்தா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலைச் சங்கு ஊதியதும் அவர் வீடு திரும்ப முடிந்ததற்கும், மாலையில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல முடிந்ததற்கும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் இக்கல்லூரிப் படி ஏறியதற்கும் அந்த எட்டு மணி நேரத்தோடு தொடர்பு உண்டு.

மறைக்கக் கூடாத பக்கம்

ஃபோர்டின் வாழ்வில் இதைவிட இருண்ட பக்கமும் உண்டு. அவர் சொந்தமாக நடத்திய வார இதழில் 1920 முதல் யூத மக்கள் மீது வெறுப்பைத் தூண்டும் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. அவை நூல்களாகிப் பல மொழிகளில் பரவின. வழக்கு வந்தபின், 1927இல் மன்னிப்புக் கேட்டு இதழை மூடினார். ஆயினும் 1938 ஜூலை 30ஆம் நாள், தம் 75ஆவது பிறந்தநாளில், இட்லர் அரசு அளித்த பதக்கத்தை ஏற்றுக்கொண்டார். இயந்திரத்தின் ஒவ்வொரு பல்லையும் அறிந்த அறிவு, மனிதரை அறியத் தவறிவிட்டது. பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது இத்தகைய பக்கங்களைத் தாண்டிப் போவது முறையன்று என்பது என் கருத்து.

அதே மனிதர் 1941 ஜூலையில் நம் காந்தியடிகளுக்கு மதிப்போடு ஒரு கடிதம் எழுதினார். அது அண்ணலின் கைக்கு வந்துசேர்ந்தது அவ்வாண்டு டிசம்பரில். காந்தியடிகள் தாம் கையொப்பமிட்ட இராட்டை ஒன்றை டி. ஏ. இராமன் என்ற இந்தியப் பத்திரிகையாளர் மூலம் ஃபோர்டுக்கு அனுப்பிவைத்தார். இயந்திரப் பெருக்கத்தை நம்பியவர் கையில், அதை ஐயுற்றவர் தந்த இராட்டை! ஃபோர்டு அதை அருமையாகப் போற்றி வைத்துக்கொண்டார்.

பழையதைத் தேடியவர்

முதுமையில் ஃபோர்டுக்கு ஒரு வேட்கை பிறந்தது. தம் கார்கள் விரட்டியடித்த பழைய உலகத்தைத் திரும்பச் சேர்த்து வைக்க விரும்பினார். ஏர், கடிகாரம், நீராவி எஞ்சின், குதிரை வண்டி என்று வாங்கிக் குவித்தார். எடிசனின் ஆய்வுக்கூடத்தையும் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையையும் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். 1929 அக்டோபர் 21ஆம் நாள், மின்விளக்கின் பொன்விழாவன்று, முதிர்ந்த எடிசன் முன்னிலையில் அந்தக் காட்சியகம் தொடங்கப்பெற்றது. 65 டாலருக்கு மீட்ட குவாட்ரிசைக்கிளும் அங்கே இடம் பெற்றது.

ஒரே மகன் எட்சல் 1943இல் தந்தைக்கு முன்பே மறைந்தார். 1945இல் கம்பெனிப் பொறுப்பு பேரன் கைக்குப் போயிற்று. 1947 ஏப்ரல் 7ஆம் நாள் ஆற்றில் வெள்ளம் பெருகி ஃபோர்டின் மாளிகையில் மின்சாரம் நின்றது. ஒரு காலத்தில் நகருக்கே மின்சாரம் தந்த நிலையத்தின் தலைமைப் பொறியாளர், அன்றிரவு மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உயிர் நீத்தார். பிறந்தபோது அந்தப் பண்ணை வீட்டில் இருந்ததும் அதே வெளிச்சந்தான். வயது 83.

திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் போகும் நண்பர்கள் மறைமலைநகரைக் கடந்திருப்பார்கள். அங்கே அவர் பெயர் தாங்கிய ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு முன்பு நம் பக்கத்துப் பிள்ளைகள் இழப்பீடு கேட்டு அதே ஆலை வாசலில் போராடினார்கள். ஓடும் வரிசை நின்றால் அதில் நின்றவன் எங்கே போவான் என்ற கேள்வி 1932இலும் இருந்தது, 2022இலும் இருந்தது.

பழைய கார் ஏன் இத்தனை இலட்சம் பெறுகிறது? எஞ்சியிருப்பவை சிலவே என்பதால். ஆனால் ஃபோர்டு தம் வாழ்நாளில் பாடுபட்டது, எங்கும் எவரிடமும் இருக்கும் ஒரு பொருளுக்காக. எனவே அவர் வெற்றியை ஏலக்கூடத்தில் அளக்க முடியாது. தெருவில் நடமாடும் எளிய வண்டிகளில்தான் அளக்க வேண்டும். அதுபோலவே சவானா ஆலை வாசலில் விழுந்த பன்னிரண்டு பேரின் வெற்றியும் எந்தக் கண்ணாடிப் பேழைக்குள்ளும் இல்லை. மாலையில் வீடு திரும்பும் ஒவ்வொரு தொழிலாளியின் கால்நடையிலும் அது இருக்கிறது.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போகப்போகிறோம். சிலர் புதியன கண்டுபிடிக்கவும் கூடும். ஃபோர்டிடமிருந்து சுவரை இடித்தாவது வண்டியை வெளியே கொண்டுவரும் துணிவைக் கற்றுக்கொள்வோம். மனிதனுக்கு என்ன மதிப்பு என்பதை மட்டும் அந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்து கற்றுக்கொள்வோம்.